முதல் டைவ் பயணத்துக்கு எந்தக் கடல்?

மாலத்தீவில், இரண்டு பவளத்திட்டுகளுக்கு நடுவே கடல் உள்ளே பாயும் ஒரு கால்வாய். அதன் விளிம்பில், 18 மீட்டர் ஆழத்தில், பாறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடந்தேன். டைவ் செய்ய, அதாவது முதுகில் காற்று சிலிண்டருடன் கடலுக்குள் இறங்க, உரிமம் வாங்கிய பிறகு அது எனக்கு மூன்றாவது டைவ். நீரோட்டம் முகத்தில் அறைந்தது. தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினாலும் மாஸ்க் நகர்ந்து மூக்கோரம் தண்ணீர் கசிந்தது. எதிரே ஏழெட்டுச் சாம்பல் சுறாக்கள் அந்த ஓட்டத்திலும் நின்ற இடத்தில் நிற்பது போல மிதந்துகொண்டிருந்தன. நான் அவற்றைப் பார்க்கவில்லை. சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் அழுத்தமானியைத்தான் பார்த்தேன்: 60 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). இறங்கிப் பதினேழு நிமிடம்தான் ஆகியிருந்தது. வழிகாட்டி என்னை மேலே கூட்டிப்போனார். எனக்குத் துணையாக இறங்கியவரும் பாதியிலேயே ஏற வேண்டியதாயிற்று.

அந்த இடத்தில் குறை ஒன்றுமில்லை. அனுபவமுள்ள டைவர்கள் வருடக்கணக்கில் காசு சேர்த்து அங்கே போகிறார்கள். நான் படங்களைப் பார்த்து இடத்தை முடிவு செய்தேன், தண்ணீர் எப்படி இருக்கும் என்று யாரிடமும் விசாரிக்கவில்லை. அதுதான் நடந்த தவறு.

அதற்கப்புறம் வேறு சில கடல்களிலும் இறங்கிவிட்டேன். இப்போது புதிதாக டைவ் கற்றவர் யாராவது 'வெதுவெதுப்பான கடலாகப் போகணும், எங்கே போகலாம்' என்று கேட்டால், என்ன மீன் தெரியும் என்பதிலிருந்து நான் பேச்சைத் தொடங்குவதில்லை. தண்ணீருக்குள் எத்தனை நிமிடம் பதற்றமில்லாமல் இருக்க முடியும் என்பதிலிருந்துதான் தொடங்குகிறேன். கீழே வரும் ஒப்பீடு முழுக்க அந்த ஒரு கேள்வியை வைத்து எழுதியதுதான்.

காற்றுக் கணக்கு

வெப்பமண்டலக் கடலோரங்களில் பெரும்பாலும் கொடுக்கும் அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11 லிட்டர் சொச்சம். 200 பார் நிரப்பி, 50 பாரைக் கையிருப்பாக வைத்துவிட்டு மேலே வர வேண்டும் என்றால், மூச்சுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1,650 லிட்டர் காற்று. நிதானமாக மூச்சு விடும் ஒருவருக்குக் கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, அதனால் 40 லிட்டர். 20 மீட்டரில் மூன்று மடங்கு, 60 லிட்டர். அதே சிலிண்டர் 10 மீட்டரில் நாற்பது நிமிடம் வரும், 20 மீட்டரில் இருபத்தேழு நிமிடம்தான்.

இது நிதானமானவரின் கணக்கு. புதியவர் நிதானமாக இருப்பதில்லை. கையை வீசுவார், காலை அடிப்பார், மேலும் கீழும் போய் வருவார். 20 லிட்டர் 30 ஆகும். நீரோட்டத்தை எதிர்த்துக் கால் அடித்தால் இன்னும் கூடும். அந்தக் கால்வாயில் எனக்குப் பதினேழு நிமிடத்தில் காற்று தீர்ந்தது அதிசயமே இல்லை.

நிமிடத்தை இவ்வளவு பெரிதாக நினைக்கக் காரணம் இருக்கிறது. டைவிங்கில் உடம்புக்குப் பழக வேண்டியது முக்கியமாக ஒன்றுதான்: மிதப்பு. மேலே போகாமல் கீழே போகாமல், மூச்சை வைத்தே நிற்பது. அதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது, தண்ணீருக்குள் கிடந்துதான் வர வேண்டும். ஆழம் குறைந்த இடம்தான் அதற்குச் சரியான பள்ளிக்கூடம். மேற்பரப்பிலிருந்து 10 மீட்டருக்குள் அழுத்தம் இரட்டிப்பாகிறது, அடுத்த 10 மீட்டரில் ஒன்றரை மடங்குதான் ஆகிறது. ஆக, மிதப்புக்காக அணியும் காற்றேற்றும் அங்கிக்குள் இருக்கும் காற்று சுருங்கி விரிவது மேலேதான் அதிகம். 6 மீட்டரில் அசையாமல் நிற்கத் தெரிந்தவருக்கு 18 மீட்டர் சுலபம். நிறமும் மேலேதான். சிவப்பு முதல் சில மீட்டருக்குள்ளேயே மங்கிவிடும், கீழே போகப் போக எல்லாம் நீலச் சாம்பல். 8 மீட்டரில் வெயில் விழும் பவளத்தைப் பார்த்தவர்கள் ஆழம் போதவில்லை என்று வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

வெதுவெதுப்பு எவ்வளவு முக்கியம்?

தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலான வேகத்தில் இழுக்கும். 27, 28 டிகிரி என்றால் 3 மில்லிமீட்டர் வெட்சூட் (நீருக்குள் அணியும் ரப்பர் உடை) போதும். 22 டிகிரியானால் 5 மில்லிமீட்டர், சிலருக்கு அதற்கு மேல் ஒரு தலைமூடியும். தடித்த வெட்சூட்டுக்குள் குமிழிகள் அதிகம், அதனால் மூழ்குவதற்காகக் கட்டும் ஈயமும் அதிகம். ஆழம் போனதும் அந்தக் குமிழிகள் சுருங்குவதால் மிதப்பும் அதிகமாக மாறும். குளிர்ந்தால் மூச்சும் கூடும். வெதுவெதுப்பான கடல் இந்தத் தொல்லைகளை ஒரே அடியாகக் குறைத்துவிடுகிறது. ஆனால் 'வெப்பக் கடல்' என்று பெயரெடுத்த எல்லா இடமும் வருடம் முழுக்க அப்படி இருக்காது. செங்கடலின் வடக்கில் பிப்ரவரியில் 21, 22 டிகிரிக்கு இறங்கும், ஆகஸ்டில் 28ஐத் தொடும். தாய்லாந்தின் கோ தாவ், மாலத்தீவு போன்ற இடங்களில் வருடம் முழுக்க 27க்கும் 30க்கும் நடுவேதான். கரீபியன் தீவான போனேரில் 26க்கும் 29க்கும் நடுவே.

தெளிவைப் பற்றி ஒரு வார்த்தை. 30 மீட்டர் தூரம் தெரியும் என்று விளம்பரம் செய்வார்கள், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அவ்வளவு தெளிந்த தண்ணீரில் ஆழம் கண்ணுக்குப் பிடிபடாது. தரை இதோ பக்கத்தில் என்று இறங்குவோம், கைக்கணினியைப் பார்த்தால் 22 மீட்டர் காட்டும். தொடக்க உரிமத்துக்கு எல்லை 18 மீட்டர். பதினைந்து மீட்டர் தெளிவு கிடைத்தாலே புதியவருக்கு நிறைவு. ஐந்து மீட்டருக்கும் கீழே போனால்தான் துணையைத் தொலைத்துவிடும் பயம்.

நான் முதலில் கேட்கும் மூன்று விஷயங்கள்

கடலடி எப்படிச் சரிகிறது? மணல் மெதுவாக 3, 5, 8, 12 மீட்டர் என்று இறங்கினால் அது படிக்கட்டு மாதிரி. காது அடைத்தால் நின்று, மூக்கைப் பிடித்து ஊதி, காது விட்டதும் அடுத்த படி இறங்கலாம். செங்குத்துச் சுவராக இருந்தால் காலுக்குக் கீழே நீலம் மட்டுமே. மிதப்பு பிசகினால் தாங்கத் தரை கிடையாது.

நீரோட்டம் உண்டா? ஓட்டத்தோடு மிதந்து போவது சுகம்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் புதியவருக்கு அடிக்கடி நிற்க வேண்டியிருக்கும். மாஸ்க்கைச் சரிசெய்ய, காதைப் பார்க்க, சும்மா மூச்சை இறக்கி வைக்க. ஓடும் தண்ணீர் அதற்கெல்லாம் இடம் கொடுக்காது.

எங்கிருந்து இறங்குகிறோம்? படகு என்றால் பாரம் தூக்கி நடக்க வேண்டாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரம், ஆடும் தளத்தில் அவசரமாக மாட்டிக்கொள்வது, சிலருக்குக் குமட்டல். கரையிலிருந்து என்றால் 20 கிலோவுக்கு மேலான சாமான்களுடன் சில அடிகள் நடக்க வேண்டும், அலையைக் கடக்க வேண்டும். ஆனால் நேரம் நம் கையில். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஐந்து நிமிடம் மூச்சைச் சீராக்கிக்கொண்டு இறங்கினாலும் யாரும் காத்திருக்கப் போவதில்லை. புதியவருக்குக் கரைதான் நல்லது என்பது என் கட்சி. முழங்கால், இடுப்பு வலி இருப்பவர்களுக்கு மட்டும் படகு.

உரிமமே இனிமேல்தான் என்றால்: கோ தாவ்

தாய்லாந்து வளைகுடாவில் உள்ள இந்தச் சின்னத் தீவு டைவ் கற்றுக்கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிறது. அங்கே வாங்கும் உரிமங்களின் எண்ணிக்கை உலகத்திலேயே முன்வரிசையில் வரும். நாங் யுவான் தீவை ஒட்டிய ஜாப்பனீஸ் கார்டன், பக்கத்திலேயே ட்வின்ஸ், வடக்கே மாங்கோ பே எல்லாமே ஆழம் குறைந்த, அடக்கமான இடங்கள். மூன்று நான்கு நாளில் படிப்பு, குளத்துப் பயிற்சி அல்லது கரையோரப் பயிற்சி, கடலில் நான்கு டைவ் என்று முடித்துவிடுவார்கள். போட்டி அதிகம் என்பதால் செலவும் குறைவு, பல மொழிகளில் ஆசிரியர்களும் கிடைப்பார்கள்.

அதன் மறுபக்கம் கூட்டம். ஒரே மிதவையில் நான்கு படகுகள் கட்டியிருக்கும், கீழே யார் ஆசிரியர், யார் மாணவர் என்று தெரியாமல் ஃபின்கள் (காலில் மாட்டும் துடுப்புகள்) மோதும். கடலில் ஓர் ஆசிரியருக்கு எட்டு மாணவர் வரை இருக்கலாம் என்று சில பயிற்சி அமைப்புகளின் விதியில் இடமிருக்கிறது. நீங்கள் நாலு பேருக்கு மேல் இல்லாத வகுப்பாகப் பாருங்கள். இடத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட இந்த ஒரு கேள்வி உங்கள் உரிமத்தின் தரத்தை அதிகம் தீர்மானிக்கும். நவம்பர், டிசம்பரில் மழையும் அலையும், தண்ணீர் கலங்கிக் கிடக்கும்.

அங்கே இறங்குகிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு மீன் உண்டு: பெரிய கிளாத்தி. முட்டையிட்டுக் காக்கும் நாட்களில் யாரையும் விரட்டும், ஃபின்னைக் கடித்துப் பல்தடம் பதிக்கும். அது தனக்கென்று வளைத்துக்கொள்ளும் இடம் கூம்பு போல மேல்நோக்கி விரியும். பயந்து மேலே ஏறினால் அதன் எல்லைக்குள்ளேயேதான் இருப்போம். பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும்.

பயண நாட்கள் குறைவு என்றால் இன்னொரு வழி உண்டு. பாடத்தையும் குளத்துப் பயிற்சியையும் இருக்கும் ஊரிலேயே முடித்து, சான்றுக் கடிதத்தோடு போய், கடல் டைவ் நான்கை மட்டும் அங்கே செய்வது. பயிற்சி அமைப்புகள் பெரும்பாலும் இதை ஏற்றுக்கொள்கின்றன.

உரிமம் கையில், அனுபவம் இல்லை: துலம்பென்

இந்த வரிசையில் என் மனத்துக்கு நெருக்கமான இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். பாலித் தீவின் வடகிழக்குக் கரை. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலை டார்பிடோவால் தாக்கியது. மூழ்கிவிடும் என்று தெரிந்ததும் கப்பலை இங்கே கொண்டுவந்து கரையில் தட்டவிட்டார்கள். இருபத்தோரு வருடம் கரையிலேயே துருப்பிடித்துக் கிடந்தது. 1963இல் அகுங் எரிமலை வெடித்தபோது நிலம் குலுங்கி, கப்பல் கடலுக்குள் சரிந்து பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டது. ஏறக்குறைய 120 மீட்டர் நீளம். அதன் மேல்பகுதி 5 மீட்டரிலேயே தொடங்கிவிடும், அடிப்பகுதி 30 மீட்டர் வரை போகும். கரையிலிருந்து ஐம்பது மீட்டர்கூட நீந்த வேண்டாம்.

கரை முழுக்க உருண்டைக் கருங்கற்கள். அலை பின்வாங்கும்போது எல்லாக் கல்லும் சேர்ந்து கடகடவென்று உருளும் சத்தம் கேட்கும். சிலிண்டரை அந்த ஊர்ப் பெண்களே தலையில் சுமந்து தண்ணீரோரம் கொண்டுவந்து தருவார்கள், ஆனால் கடைசி பத்து அடி நம்முடையது. அடிப்பாகம் தடித்த காலணி இல்லாமல் அதில் நடக்கவே முடியாது. என் வழிகாட்டி சொல்லிக்கொடுத்தது: ஓர் அலை போனதும் அடுத்தது வருவதற்குள் நாலைந்து அடி வைத்துவிடு, இடுப்பளவு வந்ததும் அங்கியில் காற்றேற்றி மல்லாக்கப் படுத்துவிடு, ஃபின்னை மிதந்தபடியே மாட்டிக்கொள். கரையிலேயே நின்று ஃபின் மாட்டப் பார்த்தவர்கள்தான் அன்றைக்கு விழுந்தார்கள்.

தலையைத் தண்ணீருக்குள் விட்டதும் கரும்மணல் சரிவு. அதன் மேல் நீந்தினால் இரண்டு நிமிடத்தில் கப்பலின் நிழல் தெரியும். முதல் டைவில் நான் பார்த்தது துருப்பிடித்த இரும்பும் அழுத்தமானியும்தான். மறுநாள் அதே இடத்தில் இறங்கினேன், அதற்கடுத்த நாளும். ஐந்தாவது டைவில், 9 மீட்டரில், ஓர் இரும்புச் சட்டத்தின் அடியிலிருந்து அஞ்சாளை ஒன்று தலையை நீட்டி வாயை மூடித் திறந்துகொண்டிருந்தது. அதன் பல்லுக்கு நடுவே விரல் நீளம்கூட இல்லாத ஒரு இறால் ஏறி இறங்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. எதையும் பிடிக்காமல், கையை வீசாமல், அவ்வளவு நேரமும் அசையாமல் நின்று பார்த்திருக்கிறேன் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மேலே வந்தபோது ஐம்பத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது, 60 பார் மிச்சம். கால்வாயில் பதினேழாவது நிமிடத்தில் பார்த்த அதே எண்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறங்குவதால் கிடைக்கும் பலன் இதுதான். இடம் பழகிப்போனால் மனசு கருவிகளை விட்டுக் கடலைப் பார்க்கத் தொடங்கும். தினம் ஒரு புதிய இடம் என்று படகில் சுற்றும் பயணத்தில் முதல் இருபது டைவ்களுக்குள் அது வருவது கஷ்டம்.

எச்சரிக்கைகளும் உண்டு. காலை ஒன்பது மணிக்கு மேல் தீவின் தெற்கிலிருந்து வண்டி வண்டியாக ஆட்கள் வந்துவிடுவார்கள். அங்கேயே தங்கி விடியலில் இறங்குகிறவருக்குத்தான் கப்பல் அமைதியாகக் கிடைக்கும். பயிற்சியில்லாமல் கப்பலுக்குள் நுழையக் கூடாது, துருப்பிடித்த தகடு எப்போது விழும் என்று சொல்ல முடியாது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை மழை. முக்கியமாக, பாலி என்று பொதுவாகப் பேசி முடிவெடுக்காதீர்கள். அதே பயணத்தில் நுசா பெனிடாவையும் சேர்த்து விற்பார்கள். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை சூரிய மீன் வரும் இடம், பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் திடீரென்று கீழே இழுக்கும் நீரோட்டமும் சட்டென்று குளிரும் தண்ணீரும் அங்கே வழக்கம். அதை இரண்டாவது மூன்றாவது பயணத்துக்கு வையுங்கள்.

இருவராகப் போகிறவர்களுக்கு: போனேர்

கரீபியனில், வெனிசுவேலாவுக்கு வடக்கே உள்ள டச்சுத் தீவு. 1979இலிருந்து தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதும், 60 மீட்டர் ஆழம் வரை, பாதுகாக்கப்பட்ட பூங்கா. சாலையோரத்தில் பெயர் எழுதிய மஞ்சள் கற்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு டைவ் இடம். வாடகை வண்டியின் பின்னால் சிலிண்டர்களைப் போட்டுக்கொண்டு, பிடித்த கல் பக்கத்தில் நிறுத்தி, நடந்து இறங்க வேண்டியதுதான். மேற்குக் கரை காற்றுக்கு மறைவாக இருப்பதால் பெரும்பாலும் தண்ணீர் அமைதி. பவளம் கரையோரத்திலேயே தொடங்கி, 10 மீட்டர் வாக்கில் சரியத் தொடங்கும். சூறாவளிகள் வழக்கமாகப் போகும் பாதைக்குத் தெற்கே இருப்பதால் மாதம் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் ஓர் அறிமுகப் பேச்சும் சோதனை டைவும் கட்டாயம். கையுறை அணியக் கூடாது, பவளத்தைத் தொடாமல் இருக்க அப்படி ஒரு விதி. எனக்கு அந்த விதி ரொம்பப் பிடிக்கும்.

அப்படியானால் துலம்பெனைவிட இதுதானே மேல் என்று தோன்றும். வித்தியாசம் ஒரே இடத்தில் இருக்கிறது. போனேரின் சுகமே வழிகாட்டி இல்லாமல் இறங்குவதில்தான். திசைகாட்டி பார்க்கத் தெரிய வேண்டும், பாதிக் காற்றில் திரும்பத் தெரிய வேண்டும், இறங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும், துணையாக வருபவரைக் கவனித்துக்கொள்ள வேண்டும். நான்கு டைவோடு உரிமம் வாங்கிய இரண்டு பேர் மட்டும் அப்படி இறங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முதல் இரண்டு நாளுக்கு வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு, ஏழெட்டு டைவ் முடித்துவிட்டுத் தனியாக இறங்கினால், அதைப் போல நம்பிக்கை தரும் கடல் வேறில்லை. துணையே இல்லாமல் தனி ஆளாகப் போகிறவர் துலம்பெனுக்கே போகலாம்.

போனேர் பவளத்துக்கு 2023இல் திசு அழிக்கும் நோய் வந்து சேர்ந்தது, மூளைப் பவளம் போன்ற கல் பவளங்கள் நிறையச் செத்தன. 2024 ஏப்ரலில் உலகம் முழுக்க நான்காவது பெரும் பவள வெளுப்பு (கடல் சூடாகிப் பவளம் நிறமிழப்பது) நடப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். எந்த இடத்தைப் பற்றிய பழைய புகைப்படத்தையும் இனி அப்படியே நம்ப முடியாது. சமீபத்தில் போய்வந்தவரிடம் கேளுங்கள். நம் பங்குக்கு ஒன்று செய்யலாம்: மிதப்பு கைவரும் வரை பவளத்துக்கு மேலே நீந்தாமல், பக்கத்தில் மணல் இருக்கும் இடமாகத் தேர்ந்தெடுப்பது. பல வருடம் எடுத்து வளர்ந்த ஒரு கிளை, ஒரு ஃபின் அடியில் உடைந்து போகும். அதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். உடைந்த இடம் வெள்ளை வெளேரென்று எலும்பு போலத் தெரியும்.

டஹாப்

எகிப்தில், அகாபா வளைகுடாக் கரையில். லைட்ஹவுஸ் என்ற விரிகுடாவில் மணல் சரிவு, பக்கத்திலேயே பவளச் சுவர், கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நடந்து இறங்கும் வசதி. உரிமத்துக்கும் சரி, உரிமத்துக்குப் பிந்தைய பழக்கத்துக்கும் சரி, கோ தாவுக்கும் துலம்பெனுக்கும் நடுவில் வரும். தெளிவு அபாரம். கூட்டம் கோ தாவ் அளவுக்கு இல்லை. உப்பு அதிகமான கடல், லிட்டருக்கு 40 கிராம் வரை, சாதாரணக் கடலில் 35தான். அதனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் ஈயம் தேவைப்படும், முதல் டைவில் அதைச் சோதித்துவிட்டே இறங்குங்கள். ப்ளூ ஹோல் என்ற ஆழமான கடற்குழி அங்கேதான் இருக்கிறது. அதில் 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் உள்ள பாறை வளைவைக் கடக்கப் போய்ப் பலர் இறந்திருக்கிறார்கள், கரையோரப் பாறையில் அவர்கள் நினைவுக் கற்களைப் பதித்து வைத்திருக்கிறார்கள். புதியவருக்கு அங்கே வேலை இல்லை. குளிர்காலத்தில் போனால் 5 மில்லிமீட்டர் சூட். மே முதல் அக்டோபர் வரை நல்ல வெதுவெதுப்பு, காற்று மட்டும் பலமாக வீசும்.

மற்றவை, சுருக்கமாக

மெக்சிகோவின் கோசுமெல் தெளிவுக்கும் பவளத்துக்கும் பேர்பெற்றது, ஆனால் அங்கே டைவ் என்றாலே நீரோட்டத்தோடு மிதந்து போவதுதான். படகு மேலே பின்தொடரும். நல்ல வழிகாட்டியோடு, 12 மீட்டர் வாக்கில் உள்ள பாரடைஸ் பவளத்திட்டில் தொடங்கினால் பத்துப் பதினைந்து டைவ் செய்தவருக்கு இனிக்கும். பிலிப்பைன்ஸின் மோவல்போவலில் கரையை ஒட்டியே லட்சக்கணக்கில் சாளை மீன்கள் மேகம் போலச் சுழலும். அதற்கு ஆழமே வேண்டாம், ஐந்து மீட்டர் போதும். ஆனால் அதன் கீழே சுவர் செங்குத்தாக இறங்குகிறது, மிதப்பு பழகியவராக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டுக்குக் கெய்ன்ஸிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் படகுப் பயணம். அலைக்குக் குமட்டும் உடம்பு என்றால் யோசியுங்கள்.

மாலத்தீவைப் புதியவருக்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. தீவைச் சுற்றிய பவளத்திட்டிலேயே, காற்றில்லாத பக்கமாக, வாரம் முழுக்க இறங்கக்கூடிய தங்கும் தீவுகள் உண்டு. பணம் தாராளமாக இருந்தால் அது அமைதியான தொடக்கம். தங்கும் படகில் கால்வாய் கால்வாயாகச் சுற்றும் பயணம் வேறு வகை. அதற்குப் பல படகுகள் அடுத்த நிலை உரிமமும் கணிசமான டைவ் எண்ணிக்கையும் கேட்கின்றன. கேட்காமல் ஏற்றிக்கொள்ளும் படகைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். என்னை ஏற்றிக்கொண்ட படகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

முன்பதிவுக்கு முன்னால்

மருத்துவக் கேள்வித்தாளை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே நிரப்பிப் பாருங்கள். ஆஸ்துமா, காது அறுவை, ரத்த அழுத்த மாத்திரை என்று ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' விழுந்தாலும் மருத்துவர் கையெழுத்து வேண்டியிருக்கலாம். தீவில் இறங்கிய பிறகு அதற்காக அலைவது ஒரு நாளைத் தின்றுவிடும். உரிமம் வாங்கி ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் முதல் நாளை நினைவூட்டல் டைவுக்கு ஒதுக்குங்கள். டைவிங்குக்கென்று உள்ள காப்பீடு எடுங்கள், உடம்பில் கரைந்த வாயு குமிழியாகித் தொல்லை தந்தால் தேவைப்படும் அழுத்த அறைச் சிகிச்சை சாதாரணப் பயணக் காப்பீட்டில் பெரும்பாலும் வராது.

கடைசி நாளை எப்படி வைப்பது என்பதும் இடத்தைப் பொறுத்தது. பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர், உடம்பில் கரைந்த அந்த வாயு வெளியேறுவதற்காக, விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும், ஒரு முழு நாள் விட்டால் நிம்மதி. கோ தாவில் விமான நிலையமே இல்லை, படகில் ஏறி வேறு ஊருக்குப் போய்த்தான் பறக்க வேண்டும் என்பதால் அந்த இடைவெளியில் ஒரு பகுதி பயணத்திலேயே கழிந்துவிடும். துலம்பெனிலும் டஹாபிலும் பலர் கவனிக்காத ஒன்று மலை. உயரம் ஏறுவதும் விமானம் ஏறுவது மாதிரிதான், வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். துலம்பெனிலிருந்து திரும்பும் வழியில் 1,500 மீட்டர் உயரத்துக் கிந்தாமணியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வண்டிக்காரர் கூப்பிடுவார். டஹாபிலிருந்து 2,285 மீட்டர் சினாய் மலைக்கு இரவே கிளம்பி விடியலில் உச்சியில் நிற்கலாம் என்பார்கள். இரண்டும் பார்க்க வேண்டியவைதான். மலையை முதல் நாளில் வைத்துக்கொண்டு, கடலில் அதற்கு அப்புறம் இறங்குங்கள்.